“விற்ற பொருள் வாபஸ் இல்லை” – இது செல்லுமா?

இந்த அட்டை பல கடைகளில் தொங்குகிறது. வாங்கிய மிக்ஸி மறுநாளே பழுதானாலும், அட்டையைப் பார்த்துப் பேசாமல் திரும்பி விடுகிறோம். பணம் போனதுதான் மிச்சம்.

பழுதான பொருளுக்கு அந்த அட்டை செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி, பில்லில் குறிப்பிட்ட கெடுவுக்குள், கெடு இல்லையெனில் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அவ்வாறே. ஆனால் “நிறம் பிடிக்கவில்லை” என்பது குறையாகாது.

நாம் செய்ய வேண்டியவை:

1. பில்லையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துவோம்.

2. கடைக்காரரிடம் முதலில் நயமாகப் பேசுவோம். மறுத்தால் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைப்போம்.

3. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்போம்.

4. அதிலும் தீராவிட்டால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வோம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பொருளை வெளியூரில் வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம்.

கடை நடத்தும் சகோதரர்களே, குறையை மறைத்து விற்பதை மார்க்கமும் தடுத்துள்ளது. அந்த அட்டையை இன்றே கழற்றி விடுங்கள்.