பவுன் காசும் நினைவு நாணயமும்

எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ இயலை நடத்தும்போது நான் வழக்கமாகச் சட்டைக்கடைத் தள்ளுபடியில்தான் தொடங்குவேன். சென்ற ஆண்டு அதற்கு வாய்ப்பே வரவில்லை. வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு மாணவன் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த 10 ரூபாய் நாணயத்தை நீட்டினான். வைஷ்ணவ தேவி உருவம் பொறித்தது, 2012 ஆம் ஆண்டு வெளியானது. “சார், இதுக்கு அஞ்சு லட்சம் தர்றாங்களாம். பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய் கட்டணும்னு அப்பாவுக்கு போன் வந்துச்சு. இன்னைக்குச் சாயங்காலம் அனுப்பப் போறார்” என்றான்.

அவனுடைய அப்பா கொத்தனார். 2,000 ரூபாய் என்பது அவருக்கு இரண்டு மூன்று நாள் கூலி. உடனே அவருக்குப் போன் செய்தேன். பழைய நாணயம் வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்கும் மோசடி பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருப்பதைச் சொன்னேன். அந்த நாணயம் ஏராளமாகப் புழக்கத்தில் இருக்கிறது. கடையில் கொடுத்தால் 10 ரூபாய்க்குச் சாமான் தருவார்கள், அவ்வளவுதான். அவர் பணம் அனுப்பவில்லை. ஆனால் மாணவர்கள் விடவில்லை. “அப்போ எந்தக் காசுக்குத்தான் சார் விலை கூடும்?” என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு நானே ஒரு முறை பணம் கொடுத்துப் பதில் கற்றவன். 2003 ஏப்ரலுக்குப் பிறகு பணியில் சேர்ந்த பலரையும் போலப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறேன். ஓய்வுக்காலத்துக்குத் தனியாக ஏதாவது சேர்க்க வேண்டும் என்ற கவலையில் 2016 இல் ஒரு வியாபாரியிடம் 6,500 ரூபாய் கொடுத்து 1,000 ரூபாய் நினைவு நாணயம் ஒன்றை வாங்கினேன். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று பொறித்து வெளியிடப்பட்டது அது. வெள்ளி நாணயம், அரசு அச்சிட்டது, எங்கள் மாவட்டத்துக் கோயில். பத்து ஆண்டில் பல மடங்காகும் என்றார் வியாபாரி. நம்பினேன்.

2019 இல் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதை விற்கப் போனேன். நகைக்கடைக்காரர் தராசில் வைத்து 1,100 ரூபாய் என்றார். சண்டைக்கே போய்விட்டேன். நாணயம் விற்கும் வேறொரு கடையில் 3,800 வரை வந்தார்கள். விற்காமல் திரும்பிவிட்டேன்.

அந்த நாணயத்தை மறுநாள் வகுப்புக்குக் கொண்டு போனேன். மொத்த எடை 35 கிராம். அதில் வெள்ளி 80 சதவீதம், மீதி செம்பு. வெள்ளி எவ்வளவு என்று கேட்டதும் 28 கிராம் என்று பல குரல்கள். நான் விற்கப் போன அன்று வெள்ளி கிராம் ஏறத்தாழ 45 ரூபாய். அப்படியானால் உள்ளே இருக்கும் வெள்ளியின் விலை 1,260. நகைக்கடைக்காரர் உருக்கும் செலவைக் கழித்துக்கொண்டு 1,100 சொன்னது நியாயம்தான் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. நான் கொடுத்த 6,500 இல் 5,240 ரூபாய் வெள்ளிக்கானது அல்ல, சேகரிப்பவரின் ஆசைக்கானது. 3,800க்கு விற்றிருந்தால் நட்டம் 2,700, அதாவது 41.5 சதவீதம். கரும்பலகையில் இதை எழுதும்போது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு மாணவி தன் வீட்டிலிருந்த 100 ரூபாய் நினைவு நாணயத்தைப் பற்றிக் கேட்டாள். முன்பு வந்த பல 100 ரூபாய் நாணயங்களும் 35 கிராம்தான். ஆனால் வெள்ளி பாதி மட்டுமே, 17.5 கிராம். கையில் ஒரே கனம், உள்ளே வேறு கணக்கு.

அடுத்து பவுன் காசு. கணக்கு எளிதாக இருக்கத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். 8 கிராம் காசு 80,000. செய்கூலி 3 சதவீதம் சேர்த்தால் 82,400. அதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், மொத்தம் 84,872. அன்றே விற்றால் கடைக்காரர் 2 சதவீதம் கழித்து 78,400 தருகிறார் என்று கொள்வோம். நட்டம் 6,472, ஏறத்தாழ 7.6 சதவீதம். “அப்போ விலை 7.6 சதவீதம் ஏறினா போட்ட காசு வந்துரும்” என்றான் ஒருவன். சரிபார்க்கச் சொன்னேன். வரவில்லை. 8.26 சதவீதம் ஏற வேண்டியிருந்தது. நட்டத்தைக் கணக்கிட்டது 84,872 மீது. ஏற்றத்தைக் கணக்கிடுவது 78,400 மீது. சதவீதத்தில் ‘எதன் மீது’ என்பதை எத்தனையோ ஆண்டு சொல்லியிருக்கிறேன். அன்று போல் அது புரிந்ததில்லை. நீங்கள் நடத்தும்போது இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். ஒரு முழுப் பாடவேளை தகும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது சவரன். இச்சொல்லே இங்கிலாந்தின் ‘சாவரின்’ நாணயத்திலிருந்து வந்ததுதான். அதன் எடை 7.988 கிராம், 22 காரட். அதைத்தான் நாம் 8 கிராம் என்று முழுமையாக்கிக்கொண்டோம். 1918 இல் பம்பாயிலும் அது அச்சிடப்பட்டது. பாட்டி காலத்து ‘ராஜா தலை’ காசு வீட்டில் இருந்தால் எடைவிலை எப்போதும் உறுதி. அரிய ஆண்டாக இருந்தால் சேகரிப்பவர் கூடுதலாகவும் தருவார். ஆனால் சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்திருந்தால் அந்தக் கூடுதல் போய்விடும். புளி போட்டுப் பளபளவென்று விளக்கினாலும் அப்படியே. நாம் அறிவியல் வகுப்பில் செம்புக் காசைப் புளியால் தேய்க்கச் சொல்கிறோமே, அதற்குப் பழங்காசை எடுக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். உழும்போது கிடைத்த காசு என்றால் கதையே வேறு. 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆசிரியர் அறையில் பேச்சு இன்னும் நீண்டது. மே மாதம் ஓய்வு பெறவிருந்த தமிழாசிரியை அம்மா, வரும் பணத்தில் பாதிக்குத் தங்கக் காசாக வங்கியில் வாங்கலாமா என்று கேட்டார். வங்கிகள் தங்கக் காசை விற்கும், திரும்ப வாங்காது. தங்கம் வட்டியும் தராது. உலகச் சந்தையில் 1980 ஜனவரியில் ஓர் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், 1999 இல் சுமார் 250 டாலருக்கு இறங்கியது. பழைய உச்சத்தைத் தாண்டியது 2008 இல்தான். ரூபாயின் மதிப்பு குறைந்துகொண்டே வந்ததால் நம்மூரில் அந்தச் சரிவு அவ்வளவாகத் தெரியவில்லை. மாதாமாதம் மருந்து வாங்க வேண்டியவர் 28 ஆண்டு காத்திருக்க முடியுமா? அம்மா பெரும்பகுதியை வட்டி வரும் சேமிப்பில் போட்டுவிட்டு, பேத்திகளுக்கென்று இரண்டு காசு மட்டும் வாங்கினார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். நினைவு நாணயத்தை ஓய்வுக்காலச் சேமிப்பு என்று எண்ணி இனி வாங்க மாட்டேன். பிடித்திருந்தால் புத்தகம் வாங்குவது போல வாங்குவேன்.

பெரிய கோயில் நாணயம் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியர் சோழர் பாடத்துக்கு இரவல் வாங்கிப் போவார். போன மாதம் 4 கிராம் தங்கக் காசு ஒன்று வாங்கி, ரசீதின் நகலை வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். பின் வரிசையில் கொஞ்ச நேரம் பென்சில் ஓடியது. “சார், செய்கூலி 3 சதவீதம்னு போட்டிருக்காங்க, ஆனா ஜி.எஸ்.டி. சேர்த்த தொகைக்குல்ல 3 சதவீதம் எடுத்திருக்காங்க” என்று எழுந்து நின்றான், கொத்தனாரின் மகன். போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. சனிக்கிழமை ரசீதோடு கடைக்குப் போக வேண்டும்.