அணையாடைப் புண்: மழலையின் துயர் தீர்க்கும் வழி

பொழுது புலருமுன்பே பெரட்டுக்குப் புறப்பட வேண்டிய ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். ஒன்பது மாதக் குழந்தைக்கு நான்கு நாளாக வயிற்றுப்போக்கு. வயிறு சற்றுத் தேறிவிட்டது. ஆயினும் குழந்தை இரவெல்லாம் உறங்கவில்லை. சிறுநீர் பட்டதும் வீறிட்டு அழுகிறது. அணையாடையை அவிழ்த்துப் பார்த்தால் பிட்டமும் தொடையின் மேற்புறமும் நெருப்புப் பட்டதுபோல் சிவந்து, ஓரிரண்டு இடங்களில் தோல் உரிந்து நீர் கசிகிறது. “எல்லாம் உடம்புச் சூடு” என்கிறார் பாட்டி. “என் பிள்ளைக்கு ஒரே நாளில் காய்ந்தது” என்று சொல்லி, அடுத்த வீட்டார் பாதி தீர்ந்த களிம்புக் குழாய் ஒன்றை நீட்டுகிறார். தாயோ தன் கவனக்குறைவுதான் இதற்குக் காரணமோ என்று உள்ளம் நோகிறார்.

பாட்டியின் கருத்தும் முழுச் சரியன்று; தாயின் வருத்தத்திற்கும் தேவையில்லை; அடுத்த வீட்டுக் களிம்போ ஆபத்தையும் கொண்டுவரக் கூடும். இத்துயரை எவ்வாறு தணிப்பது, எந்நிலையில் மருத்துவரை நாடுவது என்பனவற்றை இம்மாதப் பாடத்தில் முறையாக அறிந்துகொள்வோம்.

புண் எவ்வாறு உண்டாகிறது?

குழந்தையின் தோல் மெல்லியது. நெடுநேரம் ஈரத்தில் ஊறினால், துணி துவைப்போரின் விரல் நுனிபோல் அது நொய்ந்து போகிறது. நொய்ந்த தோல் சிறிது உராய்ந்தாலும் கிழியும். இது முதற்படி.

சிறுநீரும் மலமும் ஒன்றுசேர்வது இரண்டாம் படி. மலத்திலுள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றுகின்றன. காலையில் அணையாடையை அவிழ்க்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி இதுவே. அம்மோனியா தோலின் இயல்பான அமிலத்தன்மையைக் குறைக்கிறது. அவ்வாறு குறைந்ததும், உணவைச் செரிக்க உதவி மலத்தோடு வெளியேறும் நொதிகள் வீறுகொண்டு தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. வயிற்றுப்போக்கின்போது இந்நொதிகள் மிகுதியாக வெளிவருவதால்தான், ஒரே இரவில் புண் கடுமையாகிவிடுகிறது.

எனவே, பாட்டி கூறும் ‘சூடு’ உடம்பின் உள்ளே இல்லை. அணையாடைக்குள் அடைபட்ட ஈரத்திலும் வெப்பத்திலும் இருக்கிறது. குளிர்ச்சியான உணவைக் கொடுப்பதால் இப்புண் ஆறாது. தூய்மையில் கண்ணுங்கருத்துமான வீடுகளிலும் இது வரும். ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம்வரை உள்ள குழந்தைகளிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு ஒப்புநோக்கக் குறைவாக வருகிறது.

முதல் மூன்று நாள்களில் செய்ய வேண்டியவை

காரணம் ஈரம் என்று தெளிந்தோமானால், சிகிச்சையும் தெளிவாகிவிடும். ஈரத்தை அகற்றுதல், காற்றுப் படவிடுதல், தோலுக்குக் காப்புப் பூசுதல் ஆகிய மூன்றுமே இதற்குத் தலையாய மருந்து.

முதலாவது, அணையாடையை அடிக்கடி மாற்றுதல். புண் உள்ள நாள்களில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றுவது நலம். மலம் கழித்தால் அப்பொழுதே மாற்ற வேண்டும். இரவில் ஒருமுறையேனும் எழுந்து பார்த்தல் அவசியம்.

இரண்டாவது, மென்மையாகக் கழுவுதல். வெதுவெதுப்பான நீரே போதும். ஒவ்வொரு முறையும் சோப்புத் தேவையில்லை. மணமும் சாராயமும் கலந்த ஈரத்தாள்கள் புண்ணில் எரிச்சலை மூட்டும். தோல் உரிந்து தொடவே முடியாத நிலையில், அகன்ற பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் குழந்தையைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் அழுக்குத் தானே இளகிவிடும். பின்னர் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தல் கூடாது. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நம் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுதல் வேண்டும்.

மூன்றாவது, காற்றுப் படவிடுதல். நாள்தோறும் பல தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடமாவது அணையாடையின்றிக் குழந்தையைத் துணி விரித்துக் கிடத்துவோம். அது விழித்திருக்கும் வேளையில், நம் பார்வையிலேயே குப்புறக் கிடத்தினால் புண் விரைவில் உலரும். பாய் நனையும், நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, காப்புப் பூசுதல். துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்போ மணமற்ற வெள்ளை வாசலினோ இதற்கு ஏற்றது. மருந்தைச் சிக்கனமாகத் தடவும் வழக்கம் நம்மிடம் உண்டு. இங்கு அச்சிக்கனம் பயன்படாது. ரொட்டியில் காயா தடவுவதுபோல், தோல் தெரியாதபடி தடிப்பாகப் பூச வேண்டும். மலமும் சிறுநீரும் தோலைத் தொடாமல் தடுக்கும் சுவர் அது. அடுத்த முறை மாற்றும்போது அதை முழுவதும் சுரண்டி எடுக்கக் கூடாது. அழுக்கான மேற்பகுதியை மட்டும் துடைத்து, அதன்மேல் புதிதாகப் பூசினால் போதும். பலர் இதை அறியாமல் ஒவ்வொரு முறையும் தேய்த்துக் கழுவி, ஆறிவரும் புது தோலையும் உரித்துவிடுகின்றனர்.

வயிற்றுப்போக்கும் இருந்தால் தாய்ப்பாலை நிறுத்தாமல் கொடுத்து, சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் தாதி கூறும் அளவில் கொடுப்போமாக.

இவ்வாறு செய்தால் சாதாரணப் புண் இரண்டு மூன்று நாளில் தணியத் தொடங்கும். தணியவில்லையெனில், அது வேறு வகைப் புண்ணாக இருக்கலாம்.

புண்ணின் வகையை அறிதல்

ஈரத்தால் வரும் புண் அணையாடை அழுந்தும் மேடான இடங்களில் தோன்றும். தொடை இடுக்கின் மடிப்புகளைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

காளான் வகைக் கிருமியால் வரும் புண்ணோ மடிப்புகளுக்குள்ளே புகும். ஆழ்ந்த சிவப்பாக, ஓரம் தெளிவாக இருக்கும். பெரிய புண்ணைச் சுற்றிச் சிறு சிறு சிவப்புப் புள்ளிகள் சிதறியிருக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உட்கொண்ட குழந்தைகளிடம் இது அதிகம். குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தாலும் போகாத வெண்படலம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு நிஸ்டாட்டின், கிளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற காளான் எதிர்ப்பு மருந்துகளில் ஒன்றை மருத்துவர் கொடுப்பார். அம்மருந்தை முதலில் மெல்லியதாகத் தடவி, அதன்மேல் காப்புக் களிம்பைப் பூச வேண்டும். சிவப்பு மறைந்ததும் நிறுத்திவிடாமல், மருத்துவர் குறித்த நாள்வரை தொடர்தல் வேண்டும்.

சீழ்க்கொப்புளமும் மஞ்சள் பொருக்கும் தோன்றினால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். ஆசனவாயைச் சுற்றி மட்டும் பளிச்சென்ற சிவப்பு வளையம் அமைந்து, மலம் கழிக்கையில் குழந்தை துடித்தால் அதுவும் அவ்வாறே. இவற்றைக் களிம்பால் மட்டும் தீர்க்க இயலாது.

இன்னொன்றும் கவனத்திற்குரியது. நம் குழந்தைகள் பலருடைய மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தோன்றலாம். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், தோல் சூடாகவும் தடித்தும் இருக்கிறதா, தொட்டால் குழந்தை சிணுங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். புண் ஆறிய பின் அவ்விடம் சில வாரம் வெளுத்தோ கறுத்தோ இருக்கும். அது தானே மறையும். அதற்கெனக் களிம்பு தேடி அலைய வேண்டியதில்லை.

செய்யத் தகாதவை

அடுத்த வீட்டார் நீட்டிய களிம்புக் குழாய்க்கு இப்போது வருவோம். பெத்தமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற கடுமையான ஸ்டீராய்டு மருந்து கலந்த களிம்புகள் உள்ளன. இவை சிவப்பை விரைவில் மறைக்கும். அதனால் நல்ல மருந்தெனப் பெயரெடுத்துவிடும். ஆனால் அணையாடையின் கீழ் அடைபட்ட மெல்லிய தோல் இம்மருந்தை மிகுதியாக உறிஞ்சுகிறது. தோல் மேலும் மெலியும். காளான் தொற்று உள்ளுக்குள் வளரும். நெடுநாள் பூசினால் குழந்தையின் உடல் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். மிதமான ஹைட்ரோகார்ட்டிசோன்கூட, மருத்துவர் சொன்னால், சொன்ன சில நாள்களுக்கு மட்டுமே உரியது. ஒரு குழந்தைக்குத் தந்த மருந்தை மற்றொரு குழந்தைக்குப் பூசுதல் கூடவே கூடாது.

போரிக் பவுடரைப் புண்ணில் தூவும் பழக்கம் முன்னாளில் இருந்தது. உரிந்த தோல்வழியே அது இரத்தத்தில் கலந்து நஞ்சாகிறது. அவ்வாறு உயிரிழந்த குழந்தைகளும் உண்டு. முகப்பவுடர் தூவினால் அதன் தூள் குழந்தையின் மூச்சுக்குழலில் புகும் அபாயம் உள்ளது. கற்பூரம் கலந்த எண்ணெயும் குழந்தைக்கு நஞ்சே. மஞ்சள், திருநீறு, சாம்பல் ஆகியவற்றைத் திறந்த புண்ணில் பூசலாகாது. தோல் உரியாத இலேசான சிவப்புக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெய் தடவுவதில் தவறில்லை.

துணிகளை மடித்து வைக்கும் பெட்டியில் அந்துருண்டை போடும் வழக்கமும் கவனத்திற்குரியது. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள் நம் நாட்டில் உள்ளனர். அதனால்தான் பிறந்தவுடன் தொப்புட்கொடி இரத்தத்தைச் சோதிக்கின்றனர். அந்துருண்டை மணமேறிய துணியை அத்தகைய குழந்தைக்குக் கட்டினால், சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலையும் சோகையும் உண்டாகலாம். அக்குறை உள்ளதென மருத்துவமனையில் கூறியிருந்தாலும், கூறாவிட்டாலும், குழந்தைத் துணியருகே அந்துருண்டை வேண்டாம்.

துணியா, டயப்பரா?

ஈரத்தை உறிஞ்சித் தோலை உலர்வாக வைப்பதில் கடையில் விற்கும் டயப்பர் சிறந்தது. ஆனால் அது விலைகொடுத்து வாங்குவது. விலையை எண்ணி, கனத்துத் தொங்கும்வரை அதைக் கழற்றாமல் விடும் குடும்பங்கள் உண்டு. அக்குடும்பங்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. நாள்கூலியில் வாழும் வீட்டில் ஒவ்வொரு டயப்பரும் ஒரு செலவே. இதற்கு ஒரு நடுவழி உண்டு: இரவிலும் பயணத்திலும் டயப்பர், பகலில் வீட்டிலிருக்கையில் பருத்தித் துணி, அல்லது ஒன்றுமே கட்டாமை. வெறும் உடம்பாய் விடும் நேரம் செலவில்லாத மருத்துவமாகும்.

துணியைக் கட்டுவோர், நனைந்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் உறை அணிவித்தல் தகாது. துவைத்தபின் சோப்பின் வழுவழுப்புப் போகும்வரை இரண்டு மூன்று முறை அலசி வெயிலில் உலர்த்துவோம். வெளுப்பு மருந்தின் எச்சமும், துணிக்கு மணமூட்டும் திரவமும் தோலை உறுத்தும்.

நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கும் இப்புண் வரும். எரிச்சலுக்கு அஞ்சி அவர்கள் மலத்தை அடக்கிக்கொள்வர். அதனால் மலச்சிக்கலும் சேரும். அவர்களை அதட்டாமல், புண் ஆறும்வரை தளர்ந்த கால்சட்டை மட்டும் அணிவிக்கலாம்.

தாய் வேலைக்குச் செல்லும்போது குழந்தையை ஆயாவிடமோ பாட்டியிடமோ விடுகிறோம். மாற்றுத்துணிகள் ஆறேழும் பெயரெழுதிய களிம்புப் புட்டியும் உடன் கொடுத்து, எப்போது மாற்ற வேண்டும், எவ்வளவு பூச வேண்டும் என்பதைப் பொறுமையாகச் சொல்லிவிட வேண்டும். தந்தையரும் இதைக் கற்றுக்கொள்ளட்டும். இரவில் ஒருமுறை அவர் எழுந்து மாற்றினால் தாய்க்கு ஓய்வு கிடைக்கும்.

உடனே மருத்துவரை நாட வேண்டிய அறிகுறிகள்

மூன்று நாள் முறையாகக் கவனித்தும் தணியாமை, காய்ச்சல், கொப்புளம், சீழ், இரத்தக் கசிவு, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல், சுடுநீர் பட்டதுபோல் தோல் தாள்தாளாக உரிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது. பிறந்து சில வாரமே ஆன சிசுவாயின் மூன்று நாள் பொறுத்திருக்கவும் வேண்டாம். பிட்டத்தில் புள்ளிகளோடு வாயில் புண்ணும் உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளமும் இருந்தால் அது கை, கால், வாய்ப்புண் நோயாக இருக்கக் கூடும்; பிற பிள்ளைகளுக்கும் தொற்றும். வாயைச் சுற்றியும் கைகளிலும் அதேபோன்ற புண் தோன்றி, முடி உதிர்ந்து, வயிற்றுப்போக்கும் நீடித்தால் உடலில் துத்தநாகச் சத்துக் குறைவு காரணமாகலாம். செல்லும்போது இதுவரை பூசிய களிம்புகள் அனைத்தையும் கையோடு கொண்டுசெல்வோம். மறைக்க வேண்டியது ஒன்றுமில்லை.

நினைவில் கொள்வோம்

ஈரம் நீங்கினால் எரிச்சல் நீங்கும். தேய்க்காமல் ஒற்றுவோம். காற்றுப் படவிடுவோம். காப்பைத் தடிப்பாகப் பூசுவோம். பெயரறியாக் களிம்பை ஒதுக்குவோம். மூன்றாம் நாளும் தணியாவிடில் சுகாதார நிலையம் செல்வோம்.

நாம் முதலில் கண்ட அந்த வீட்டில், அன்றிரவே அக்களிம்புக் குழாயை நன்றி கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டு, இம்முறைகளைக் கைக்கொண்டால், மூன்றாம் நாள் இரவு குழந்தை அமைதியாக உறங்க இடமுண்டு. அக்குழந்தை உறங்கினால் தாயும் உறங்குவார். மறுநாள் பெரட்டுக்குத் தெளிந்த முகத்தோடு செல்வார். தன் வலியைச் சொல்லத் தெரியாத மழலைக்கு நாம் செய்யக்கூடிய உதவி இதுவே. அதைத் தவறாது செய்வோமாக.