இசை நாடகமும் தங்கவயலின் கதையும்

அரசியல் நாடகம் என்றால், மேடையில் ஒருவர் நின்று நீண்ட சொற்பொழிவு ஆற்றுவதும், இடையிடையே இரண்டு பாட்டுப் பாடுவதுமே என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அஃது அன்று. பாட்டே அரசியலைச் சுமந்து செல்லுமானால் அதுவே அரசியல் இசை நாடகம். இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' யாவரும் அறிந்த கதை. அவர் வகுத்த நாடக முறையில், நடிகர் தம் திறமைக்கேற்பப் பாட்டும் தர்க்கமும் சேர்த்துக்கொள்ள இடம் இருந்தது. அந்த இடத்தை நாட்டு விடுதலைக்குப் பயன்படுத்தியவர் தியாகி விசுவநாததாஸ். 1876ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெள்ளையர் அரசு நாடகங்களைத் தடை செய்ய முடிந்தது. ஆனால் முருகன் கதையை எவ்வாறு தடை செய்வது? தினைப்புனத்தில் பறவை விரட்டும் கதையில் வெள்ளைக் கொக்கு ஒன்று பாட்டில் பறந்தது. கொக்கு யார் என்பது கொட்டகைக்கு விளங்கிற்று, காவலருக்கும் விளங்கிற்று. தாஸ் பலமுறை சிறை சென்றார். அவர் பிறந்த குலத்தைக் காட்டி, அவரோடு நடிக்க மறுத்தவரும் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று, சென்னையில் முருகன் வேடத்துடன் மேடையிலேயே உயிர் நீத்தார்.

இதிலிருந்து நாம் கற்பவை இரண்டு. ஒன்று, பாட்டு கதைக்குள்ளிருந்தே எழவேண்டும். மற்றொன்று, பொருளை உணரும் வேலையில் பாதியை அவையோருக்கு விட்டுவிட வேண்டும்.

இவ்விரண்டையும் கோலார் தங்கவயலின் வரலாற்றில் பொருத்திப் பார்ப்போம். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குலத்தினர், அச்சுரங்கங்களில் இறங்கிப் பொன் எடுத்தனர். 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து அங்கே வேலைநிறுத்தம் நடந்தது. இதனை நாடகமாக்கும் மாணவர் தலைவரின் உரையைத் தேடவேண்டா. மை தோய்க்க நீட்டச் சொல்லும் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு ஒரு தொழிலாளி பாடட்டும். மற்றவர் வாங்கிப் பாடட்டும். "திருடனுக்கும் உழைப்பாளிக்கும் ஒரே மைதானா?" என்னும் வினா அவையோர் நெஞ்சில் தானே பிறக்கும்.

1946 நவம்பர் 4 அன்று அங்கே காவலர் சுட்டதில் ஆறு தொழிலாளர் மாண்டனர். அக்காட்சியில் பாட்டு நிற்றல் வேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் ஓய, மேடையில் ஆறு சுரங்க விளக்குகள் ஒவ்வொன்றாக அணையட்டும். எங்கே பாடுவது என்பதைப் போலவே எங்கே பாடாதிருப்பது என்பதும் இசை நாடகத்தின் இலக்கணமே.

இறுதிக் காட்சிதான் கடினமானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. தொழிலாளரின் பிள்ளைகள் வேலைக்காக மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயில் ஏறுகின்றனர். பகைவன் என்று சுட்டிக்காட்ட இன்று மேடையில் துரை இல்லை, கொக்கும் இல்லை. அந்த ரயில் பெட்டியில் எழவேண்டிய பாட்டு எது? பழைய மெட்டுகள் நமக்கு வழிகாட்டும். சொற்களை நாமே காணவேண்டும். மாணவ நண்பர்களே, ஒத்திகைக்கு முன் அதனை எண்ணிப் பார்ப்போமாக.