மதிலுக்கு அந்தப் பக்கம் பொங்கல்

ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் இப்போதுதான் விசைப்படகு ஏறத் தொடங்கியிருக்கும் தம்பிகளுக்கு, ஒரு தைப்பொங்கலை யாழ்ப்பாணத்துச் சிறையில் கழித்தவன் சொல்கிறேன். நெடுந்தீவுப் பக்கம் பிடிபடும் நாள் உங்களுக்கு வராமலே போகட்டும். வந்துவிட்டால் இவை நினைவில் இருக்கட்டும்.

1. இரண்டு போன் நம்பரை மனப்பாடம் செய்துகொண்டு கடலுக்குப் போ. செல்போன் கையைவிட்டுப் போனால் வீட்டு நம்பரும் போய்விடும். யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அங்கிருந்து பார்க்க வருபவரிடம் தடுமாறாமல் சொல்ல அந்த எண் வேண்டும்.

2. 'பொங்கலுக்குள் விட்டுவிடுவார்கள்' என்று எவனாவது சொல்வான். நம்பாதே, வீட்டுக்கும் சொல்லி அனுப்பாதே. நான் சொல்லியனுப்பினேன். என் வீட்டுக்காரி புதுப்பானை வாங்கி வைத்துக் காத்திருந்தாள். நம்மூர் ரிமாண்டுக்கு அங்கே விளக்கமறியல் என்று பெயர், வாய்தாவுக்குத் தவணை. அடுத்த தவணை மட்டும் உன் கணக்கில் இருக்கட்டும்.

3. முதல் கோபம் படகை ஓட்டியவன்மேல்தான் பாயும். 'எல்லை தெரியாதா உனக்கு?' என்போம். ஒரே படகில் போன நாங்கள் ஆளுக்கொரு மூலையாக முகம் திருப்பிப் படுத்துக் கிடந்தோம். மீனை நினைத்து எல்லோரும்தானே சம்மதித்துப் போனோம்? படகோட்டிக்குத் தண்டனை கூடுதலாக விழுவதும், மற்றவர்கள் ஊர் திரும்ப அவன் மட்டும் உள்ளே இருப்பதும் உண்டு. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடு.

4. பண்டிகை விடியல்தான் கொடுமை. யாழ்ப்பாணத்தில் பானை பொங்கும்போது வெடி போடுவார்கள். மதிலைத் தாண்டி அந்தச் சத்தம் வந்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவர்களும் தமிழர்கள், அதே பொங்கல், நான் மட்டும் உள்ளே. அன்றைக்கு எல்லோர்மேலும் வெறுப்பு வந்தது. மத்தியானம் குருநகர்க் கைதி ஒருவர் தன் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டில் ஒரு கை எனக்கு வைத்தார். பொங்கலைப் புக்கை என்றார். அவரும் கடலுக்குப் போகிறவர்தான். போர்க்காலத்தில் கடலில் இறங்க வழியில்லாமல் கிடந்து, முடிந்தபின் கடன்பட்டு வலை வாங்கியிருக்கிறார். ஓர் இரவில் நம் பக்கத்து இழுவைமடிப் படகு அதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அது என் படகாகவும் இருந்திருக்கலாம். அந்த மடியை அவர்கள் நாட்டில் 2017-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள் என்றும் அவர் சொல்லித்தான் தெரியும். சோற்றை வாயில் வைக்க முடியவில்லை எனக்கு. 'சாப்பிடுங்கோ அண்ணை' என்றார். அப்படி ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் நியாயம் பேசாதே. அவர் சொல்வதைக் கேள்.

5. நம்மோடு வந்த முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு வைத்தால் சஹருக்கு எழுப்பிவிடு. யாருக்காவது விழித்திருக்கும் வேலை இருந்தால் இரவு சீக்கிரம் போகும்.

6. ஒத்திவைத்த தண்டனையோடு அனுப்பினால் அதை விடுதலை என்று நினைக்காதே. மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் சேர்ந்து வரும். கடன்காரன் நெருக்கினாலும் சரி, படகு முதலாளி கூப்பிட்டாலும் சரி, இதைச் சொல்லி மறு.

7. ஊர் வந்தபின், உள்ளே இருப்பவன் வீட்டுக்குப் பண்டிகையன்று போ. துக்க வீட்டுக்குப் போவதுபோலப் போகாதே. அரசு தரும் தினப்படி வந்ததா என்று கேள். வரவில்லையென்றால் மீன்வளத் துறைக்கு மனு எழுதிக் கொடு. பிள்ளைகளுக்குக் கரும்பு வாங்கிக்கொண்டு போ.