வெற்றிக்குக் காரணம் நாடா?



“டீச்சர், ஐஸ் ஹாக்கியெல்லாம் கனடாக்காரர்களுக்குத்தான் வரும். நமக்கு வராது.” பூச்சோங்கில் என் வகுப்பு மாணவி ஒருவர் இப்படிச் சொன்னார். அவர் சொன்னது ஒரு கருதுகோள். அதைச் சோதித்துப் பார்ப்போமா?

முதல் பார்வையில் அவர் சொன்னது சரிபோலவே தெரியும். 1998 முதல் 2022 வரை ஒலிம்பிக்கில் மகளிர் ஐஸ் ஹாக்கி 7 முறை நடந்தது. கனடா 5 தங்கமும் அமெரிக்கா 2 தங்கமும் வென்றன. அமெரிக்கக் கல்லூரி அணிகளிலும் கனடா நாட்டுப் பெண்கள் பலர் ஆடுகிறார்கள்.

இங்கே தற்சார்பு மாறி, வீராங்கனையின் நாடு. சார்பு மாறி, அவர் எடுக்கும் புள்ளி. கோல் அடித்தால் 1 புள்ளி. கோலுக்குப் பந்தைக் கொடுத்து உதவினாலும் 1 புள்ளி. (ஐஸ் ஹாக்கியில் ‘பந்து’ என்பது தட்டையான ரப்பர் வில்லை.) அப்படியானால், கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது?

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு போட்டிப் பருவத்தில் இரு நாடுகளிலிருந்தும் தலா 10 பேர் ஆடுகிறார்கள்.

அ நாடு: தாக்குதல் ஆட்டக்காரர் 8 பேர், சராசரி 20 புள்ளி. தற்காப்பு ஆட்டக்காரர் 2 பேர், சராசரி 10 புள்ளி. மொத்தம் 160 + 20 = 180. ஒருவருக்குச் சராசரி 18.

ஆ நாடு: தாக்குதல் ஆட்டக்காரர் 2 பேர், சராசரி 22 புள்ளி. தற்காப்பு ஆட்டக்காரர் 8 பேர், சராசரி 12 புள்ளி. மொத்தம் 44 + 96 = 140. ஒருவருக்குச் சராசரி 14.

மொத்தச் சராசரியில் அ நாடு முந்துகிறது. ஆனால் தாக்குதலிலும் சரி, தற்காப்பிலும் சரி, ஆ நாட்டினரே சிறந்தவர்கள்! தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குக் கோல் வாய்ப்பு குறைவு. ஆடும் இடம் என்ற மாறியைக் கட்டுப்படுத்தாததால் முடிவு தலைகீழாகிவிட்டது. புள்ளிவிவர இயலில் இதற்குச் சிம்சன் முரண்பாடு என்று பெயர்.

இனி உண்மை நிகழ்வு ஒன்று. 2025-ஆம் ஆண்டு ஐக்கிய அரபு சிற்றரசில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கி அணி வெண்கலம் வென்றது. அந்த அணியில் பெரும்பாலோர் லடாக் பகுதியைச் சேர்ந்தவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லடாக்கில் இருந்தவர்கள் ஏறக்குறைய 274,000 பேர். அதாவது, சுமார் 4,400 இந்தியர்களுக்கு ஒருவர்தான் லடாக்வாசி!

நாடுதான் காரணம் என்றால் சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் அதே அளவுக்கு வீராங்கனைகள் வந்திருக்க வேண்டுமல்லவா? கடப்பிதழ் ஒன்றுதான், சூழல்தான் வேறு. லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அங்குக் குளங்கள் உறைந்து இயற்கையான ஆடுகளமாகிவிடும்.

இருந்தாலும், பனிக்கட்டி மட்டுமே காரணம் என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். பயிற்றுநர், கருவிகள், பயிற்சி நேரம், குடும்ப ஆதரவு ஆகியவையும் மாறிகளே.

நம் நாட்டில் குளங்கள் உறைவதில்லை. ஆனால், பூச்சோங்கிற்கு அருகே பண்டார் சன்வே பேரங்காடியில் பனிச்சறுக்குத் தளம் இருக்கிறது. “நமக்கு வராது” என்று சொல்லும் முன், “நமக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி கிடைத்தது?” என்று கேட்பதே அறிவியல்.

செய்து பாருங்கள்: உங்கள் பள்ளிப் போட்டி விளையாட்டில் சிவப்பு இல்லம், நீல இல்லம் ஆகியவற்றின் 100 மீட்டர் ஓட்ட நேரங்களை ஒப்பிடுங்கள். எந்த இல்லம் சிறந்தது என்று முடிவு செய்யும் முன், கட்டுப்படுத்த வேண்டிய மாறிகள் மூன்றை எழுதுங்கள்.