பாடம் 9: ஒரே ஒரு கேம்



உங்களில் பலரிடம் நின்ரெண்டோ சுவிட்ச் இருக்கும். இல்லாவிட்டால் அண்ணாவிடமோ மச்சாளிடமோ இருக்கும். இப்படிக் கையில் பிடித்து விளையாடுவதைக் கையடக்க விளையாட்டுக் கருவி என்று சொல்லலாம். கருவி ஒன்றுதான். ஆனால் அதில் விளையாட ஆயிரக்கணக்கான கேம்கள் இருக்கின்றன. அவற்றில் எதைத் தெரிவு செய்வது? எங்கள் வீட்டில் ஒரு நாள் இந்தக் கேள்வி வந்தது. அந்தக் கதையை வாசிப்போம்.

காசு 90 டொலர்

என் மகனுக்கு 11 வயது. பிறந்தநாளுக்குக் கிடைத்த காசைச் சேர்த்து வைத்திருந்தான். மொத்தம் 90 டொலர். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் முடிந்து வந்தவன், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முதலே சொன்னான்:

“அம்மா, எனக்கு அந்தச் சுடுற கேம் வேணும். எங்கட வகுப்பில எல்லாரும் விளையாடுறாங்கள்.”

“எல்லாருமோ?”

“கனபேர். இடைவேளையில அதைப் பற்றித்தான் கதைக்கிறாங்கள். நான் மட்டும் பேசாம நிக்கிறன்.”

எனக்கு உடனே “இல்லை” என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அவன் கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நிறுத்திக்கொண்டேன். கேம் இல்லாதது அவனுக்குப் பெரிய கவலை இல்லை. தனியாக நிற்பதுதான் கவலை.

“சரி,” என்றேன். “காசு உன்ர. நீயே தெரிவு செய். ஆனா நாலு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேணும். அதை அம்மம்மாவுக்குத் தமிழில விளங்கப்படுத்தவும் வேணும்.”

“தமிழிலயோ? ஐயோ அம்மா!”

குசினிக்குள் நின்ற அம்மம்மா சிரித்தார்.

கேள்வி 1: இது என் வயதுக்கு ஏற்றதா?

கனடாவில் விற்கும் கேம் பெட்டியின் முன்பக்கத்தைப் பாருங்கள். ஒரு மூலையில் சின்னக் கறுப்பு வெள்ளைக் குறி இருக்கும். அதில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஈ.எஸ்.ஆர்.பி என்ற அமைப்பு 1994 முதல் இந்தக் குறியைக் கொடுத்து வருகிறது.

‘ஈ’ என்றால் எல்லாரும் விளையாடலாம்.
‘ஈ 10+’ என்றால் 10 வயதும் அதற்கு மேலும்.
‘டீ’ என்றால் 13 வயதும் அதற்கு மேலும்.
‘எம்’ என்றால் 17 வயதும் அதற்கு மேலும்.

ஏன் அந்தக் குறி கிடைத்தது என்ற காரணம் பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கும்.

மகன் தேடிப் பார்த்தான். அவன் கேட்ட கேமுக்கு ‘எம்’.

“ஆனா அவங்களுக்கும் 11 வயசுதானே, அம்மா?”

“அது அவங்கட வீட்டு முடிவு. எங்கட வீட்டில இப்ப வேண்டாம்.”

அவனுடைய முகம் வாடிவிட்டது. அன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவும் இல்லை. ஆனால் அடுத்த நாள் காலை அவனே வந்து கேட்டான்: “சரி, ரெண்டாவது கேள்வி என்ன?”

கேள்வி 2: மொத்தம் எவ்வளவு செலவு?

நான் மென்பொருள் எழுதுகிறவள். அதனால் இதைச் சொல்கிறேன். “இலவசம்” என்று போட்டிருக்கும் கேமைச் செய்தவர்களுக்கும் சம்பளம் வேண்டும். அந்தக் காசு எங்கிருந்து வரும்? சில கேம்களில் புது உடுப்பு, புது வாள், கூடுதல் உயிர் என்று ஒவ்வொன்றாக விற்பார்கள். ஒவ்வொன்றும் இரண்டு டொலர், மூன்று டொலர்தான். ஆனால் சிறுதுளி பெருவெள்ளம் அல்லவா? மூன்று டொலராக 20 முறை கொடுத்தால் 60 டொலர் போய்விடும்! கேமுக்குள் இப்படிக் காசு கேட்பார்களா என்பதும் அந்தக் குறியின் பக்கத்தில் எழுதியிருக்கும்.

வாங்காமலும் விளையாடலாம். ரொறன்ரோ பொது நூலகத்தில் புத்தகம் எடுப்பதைப் போலவே வீடியோ கேமும் இரவல் எடுக்கலாம். நூலக அட்டை இருந்தால் போதும். எல்லாருக்கும் பிடித்த கேம் என்றால் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

கேள்வி 3: எங்கே, எவ்வளவு நேரம் விளையாடுவேன்?

கையடக்கக் கருவியின் சிறப்பு, அதை எங்கேயும் கொண்டுபோகலாம் என்பதுதான். ஆனால் பேருந்திலும் காரிலும் இணையம் கிடைக்காமல் போகலாம். இணையம் இல்லாமல் இந்தக் கேம் ஓடுமா? அம்மா “இறங்கு” என்றால் உடனே நிறுத்த முடியுமா? படம் எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பதைவிட இவை முக்கியம்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1989இல் நின்ரெண்டோ கம்பனி கேம்பாய் என்ற கருவியை விற்கத் தொடங்கியது. அதன் திரையில் நிறமே இல்லை. பச்சையும் சாம்பலும் கலந்த மங்கலான திரை. அதே ஆண்டு அட்டாரி கம்பனி லிங்ஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதற்கு அழகான நிறத் திரை! எது வென்றது? கேம்பாய்தான். லிங்ஸ் ஆறு பற்றரிகளைச் சில மணி நேரத்தில் தின்றுவிடும். கேம்பாயோ நான்கு பற்றரியில் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். விலையும் குறைவு. வட அமெரிக்காவில் அதோடு டெட்ரிஸ் என்ற கேமும் சேர்ந்து வந்தது. விழுகின்ற கட்டைகளை அடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிடமும் விளையாடலாம், ஒரு மணி நேரமும் விளையாடலாம். கேம்பாயும் பின்னர் வந்த நிறக் கேம்பாயும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றன.

கேள்வி 4: யாரோடு விளையாடுவேன்?

இந்தக் கேள்விக்கு மகன் நெடுநேரம் யோசித்தான்.

“கூட்டாளிகளோட. அவங்கள் வீட்ட வந்தா, சேர்ந்து விளையாடுற கேம் வேணும்.”

“நல்லது. வேற ஆர்?”

அவன் பதில் சொல்ல முதல் அம்மம்மா கேட்டார்: “உதில தமிழ் ஆக்களைப் பற்றி ஒண்டும் இல்லையோ, ராசா?”

மகன் சிரித்தான். “சுவிட்ச்சிலயோ? இல்லை அம்மம்மா!”

“இருக்கு,” என்றேன் நான்.

வெண்பா

அந்தக் கேமின் பெயர் ‘வெண்பா’. அதைச் செய்தது விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம். எங்கே? இங்கேதான், ரொறன்ரோவில்! 2023 ஜூலை 31ஆம் திகதி அது வெளிவந்தது. அடுத்த ஆண்டே பிரித்தானியாவின் பாஃப்டா விருதைப் பெற்றது. ஒரு குழுவின் முதல் கேமுக்குக் கொடுக்கும் விருது அது.

கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பாவும் அவருடைய கணவர் பாவலனும் தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மகன் பிறக்கிறான். பெயர் கவின். வெண்பாவிடம் அம்மா கொடுத்த சமையல் புத்தகம் இருக்கிறது. ஆனால் அது பழுதாகிவிட்டது. விடுபட்டதை நாங்கள் யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். கவின் வளர வளர, அம்மாவிடம் ஆங்கிலத்திலேயே கதைக்கத் தொடங்குகிறான்.

மகன் நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதினான். காசுக் கணக்கும் பார்த்தான். பெரிய கேம்களைவிட வெண்பாவின் விலை நன்றாகக் குறைவு. பிறகு அம்மம்மாவின் முன்னால் வந்து நின்றான்.

“அம்மம்மா, நான் வெண்பா வாங்கப்போறன். அது உங்களோட விளையாட. மாரியோ கார்ட், கார் ஓட்டுற கேம், அதை லைப்ரரியில கேட்டு வைக்கப்போறன். அது கூட்டாளிகளோட விளையாட. நாலு பேர் ஒண்டா விளையாடலாம். மிச்சக் காசு… எப்பிடிச் சொல்லுறது… சேமிப்பன்.”

இடையில் இரண்டு முறை சொல் தேடினான். ஆனால் முழுவதையும் தமிழில் சொன்னான்.

வெண்பாவில் சோகமான இடங்களும் உண்டு. அதனால் மூவரும் சேர்ந்து இருந்து விளையாடினோம். புட்டு அவிக்கிற இடம் வந்தது. குழலுக்குள் முதலில் எதைப் போடுவது? மகன் என்னைப் பார்த்தான். எனக்கும் தெரியவில்லை! நானும் இந்த ஊரில் படித்து வளர்ந்தவள்தானே.

“ஊரில நாங்கள் நீத்துப்பெட்டியில அவிப்பம்,” என்றார் அம்மம்மா. “குழல் எண்டா முதல் தேங்காய்ப்பூ, பிறகு மா, பிறகும் தேங்காய்ப்பூ.”

மகன் அப்படியே செய்தான். சரியாக வந்தது. சுவிட்ச்சில் எந்த பட்டனை அழுத்துவது என்றுகூடத் தெரியாத அம்மம்மாதான் அன்று எங்கள் வீட்டில் சிறந்த ஆட்டக்காரர்!

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். வெண்பா சின்னக் கேம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. “அதுக்குள்ள முடிஞ்சுதோ?” என்று மகன் ஏமாந்துதான் போனான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

“அம்மா, நானும் உங்களுக்கு இங்கிலீஷிலதானே பதில் சொல்லுறனான்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனை அணைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை இடைவேளையில் அவன் இந்தக் கேமைப் பற்றிக் கதைத்தான். இரண்டு பேர் சிரித்தார்களாம். ஆனால் ஒருவன் மட்டும் “புட்டு எண்டா என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டானாம். நூலகத்தில் இருந்து மாரியோ கார்ட் வந்த சனிக்கிழமை, அந்தப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மம்மா புட்டு அவித்தார்.

சொற்களும் பொருளும்

தெரிவு செய்தல் – பலவற்றில் ஒன்றை எடுத்தல்
இரவல் – திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி வாங்குவது
குசினி – சமையலறை
நீத்துப்பெட்டி – புட்டு அவிப்பதற்குப் பனை ஓலையால் செய்த பெட்டி
விசை – தள்ளும் அல்லது இழுக்கும் வலு; எழுத்துகளைத் தட்டும் பலகையில் உள்ள ஒவ்வொரு கட்டையும் விசைதான்
வெண்பா – தமிழ்ப் பாட்டின் ஒரு வகை. திருக்குறள் குறள் வெண்பாவில் எழுதப்பட்டது.

பேச்சும் எழுத்தும்

வீட்டில் பேசுவது – எழுதும்போது
வேணும் – வேண்டும்
எங்கட – எங்களுடைய
எண்டா – என்றால்
ஒண்டும் இல்லை – ஒன்றும் இல்லை
விளையாடுறாங்கள் – விளையாடுகிறார்கள்

இரண்டும் நல்ல தமிழ்தான். பேசும்போது முதலாவது, எழுதும்போது இரண்டாவது.

பயிற்சி

1. மகன் முதலில் எந்தக் கேமைக் கேட்டான்? ஏன் கேட்டான்?
2. ‘ஈ 10+’ என்ற குறியின் பொருள் என்ன?
3. நிறத் திரை இல்லாத கேம்பாய் ஏன் வென்றது? இரண்டு காரணங்கள் எழுதுக.
4. “நான் ஒன்றும் சொல்லவில்லை” என்று அம்மா எழுதுகிறார். அவர் மனதில் என்ன இருந்திருக்கும்? வகுப்பில் கதையுங்கள்.
5. இந்த வசனத்தை எழுத்துத் தமிழில் மாற்றுக: “நான் கூட்டாளிகளோட விளையாடப்போறன்.”
6. உங்களுக்குப் பிடித்த ஒரு கேமை எடுங்கள். நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். பிறகு அதை உங்கள் அம்மம்மா, அப்பம்மா அல்லது தாத்தாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்துங்கள். அவர்கள் சிறுவயதில் என்ன விளையாடினார்கள் என்றும் கேட்டு வாருங்கள்.