அச்சு வரிசையை ஆளும் ஐந்து கட்டளைகள்

திண்டுக்கல் சமவெளியின் எந்தக் கிராமத்துப் பிள்ளைக்கும் வரிசை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ரேஷன் கடையிலும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் எடை மேடையிலும் முதலில் வந்தவருக்கே முதல் முறை. பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடத்தில் இயக்க அமைப்பு பற்றிய பகுதியும் இதையேதான் கூறுகிறது. இந்தக் கருத்தைக் கண்ணால் காட்ட எளிய கருவி, பள்ளியிலுள்ள பிரிண்டர்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 மாணவர்களுக்கு இரண்டு தாள் வீதம் வினாத்தாள் அச்சிட 80 தாள் தேவை. பிரிண்டர் அசையவில்லை என்று மூன்று முறை சொடுக்கினால், வரிசையில் 240 தாளுக்கான பணி சேர்ந்துவிடும். தாள் தீர்ந்ததால் நின்றுபோன அந்தப் பணி தானாக மறையாது. மறுநாள் காலை யாராவது தாள் வைத்தவுடன், மாணவர் கண்ணெதிரிலேயே வினாத்தாள் வெளிவரக்கூடும். ஆகவே வரிசையைக் கையாளத் தெரிந்திருப்பது தேர்வின் நம்பகத்தன்மையோடும் தொடர்புடையது.

உபுண்டு, விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் போன்ற லினக்ஸ் அமைப்புகளில் அச்சுப் பணிகளைக் கவனிப்பது கப்ஸ் என்னும் மென்பொருள். முனையத்தைத் திறந்து, கீழ்க்கண்டவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யலாம். ஒவ்வொரு பகுதிக்கும் இடையே ஓர் இடைவெளி வேண்டும். 42 என்பது எடுத்துக்காட்டுப் பணி எண்.

1. பார்த்தல்: எல்-பி-கியூ என்ற மூன்று எழுத்துகள். பிரிண்டரின் நிலை, பணி எண், அனுப்பியவர், கோப்பின் பெயர், அளவு ஆகியவை தெரியும். சில அமைப்புகளில் பிறருடைய கோப்பின் பெயர் மறைக்கப்பட்டிருக்கும்.

2. நீக்குதல்: கேன்சல் 42. பொதுவாக நாம் அனுப்பிய பணியை மட்டுமே நம்மால் நீக்க முடியும். பிறருடையதை நீக்க நிர்வாகி உரிமை தேவை.

3. நிறுத்திவைத்தல்: எல்பி -ஐ 42 -எச் ஹோல்டு. இதில் எச் மட்டும் பெரிய எழுத்து. மீண்டும் தொடர, ஹோல்டு என்ற இடத்தில் ரெஸ்யூம் என்று இடவும்.

4. முன்னுரிமை தருதல்: எல்பி -ஐ 42 -கியூ 100. முன்னுரிமை 1 முதல் 100 வரை. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 50.

5. பிரிண்டரை மீண்டும் இயக்குதல்: கப்ஸ்எனேபிள் என்ற ஒரே சொல், அடுத்து பிரிண்டரின் பெயர். பிழையால் கப்ஸ் நிறுத்திவைத்த பிரிண்டர் மீண்டும் அச்சிடத் தொடங்கும். இதற்கும் நிர்வாகி உரிமை வேண்டும்.

வினாத்தாளுக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. பணி முடிந்தாலும் நீக்கப்பட்டாலும், அதன் கோப்பு மறு அச்சுக்காகச் சிறிது காலம் கணினியிலேயே இருக்கலாம். கேன்சல் -எக்ஸ் 42 என்று கொடுத்தால் சேமித்த கோப்பும் அழியும். நீக்கிய பிறகும் தாள் வந்துகொண்டிருந்தால் பிரிண்டரின் சொந்த நினைவகத்தில் பக்கங்கள் மிச்சமிருக்கின்றன என்று பொருள். ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். கிளம்பும் முன் எல்-பி-கியூ கொடுத்து, வரிசை காலியாக இருப்பதை உறுதிசெய்வது நல்ல வழக்கம்.

வகுப்பறைச் செயல்பாடு: ஐந்து மாணவர்களிடம் எண் எழுதிய அட்டைகளைக் கொடுத்து வரிசையில் நிறுத்துக. ஒருவர் பிரிண்டர்; மற்றொருவர் கட்டளை சொல்பவர். ‘42 நீங்குக’, ‘43 நிற்க’, ‘44 முன்னே வருக’ என்று கட்டளை மாறும்போது வரிசையும் மாறும். கணினி இல்லாத தொடக்கப்பள்ளியிலும் இதைச் செய்யலாம். இறுதியில் ஒரு வினா எழுப்புக: ‘44 ஏன் முன்னே வரலாம்?’ ரேஷன் கடை வரிசையில் முதியவருக்கு வழிவிடுவதைப் பிள்ளைகளே சொல்வார்கள். முன்னுரிமை என்பது காரணத்தோடு தரப்பட வேண்டியது என்பதும் அப்போது விளங்கும்.